தலைக்கு ஒரு வரி!

படிப்பகக் கூட்டத்தில் ஆற்றிய உரை



வரி என்ற சொல்லுக்குத் தமிழிலே பல பொருள் உண்டு. ஏட்டிலே எழுதினால் அது வரி. இசையோடு பாடினால் அதுவும் வரி. புலியின் மேனியிலே படர்ந்திருப்பதும் வரிதான். ஏட்டின் வரி அறிவூட்டும். பாட்டின் வரி இன்பமூட்டும். புலியின் வரி அச்சமூட்டும். அரசாங்கம் போடுகிறதே வரி, அது எதை ஊட்டுகிறது? போடுகிறவர் யார், கொடுக்கிறவர் யார், பயன் பெறுகிறவர் யார் என்பதைப் பொறுத்தது அது. அதைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேச வந்திருக்கிறேன்.

சென்ற திங்கள் நமது படிப்பகத்துக்கு ஓர் இளைஞர் வந்தார். கணிப்பொறி நிறுவனமொன்றிலே பணிபுரிபவர், படித்தவர், பண்பாளர். நமது தோழர்களைப் பார்த்துக் கேட்டார்: "அண்ணே! இரவெல்லாம் கண்விழித்து உழைக்கிறேன். சம்பளம் என் கைக்கு வருமுன்பே வரியைப் பிடித்துக்கொள்கிறார்கள். நான் உழைத்துச் சேர்த்த பொருளை, நான் கண்டறியாத ஒருவருக்கு, என்னைக் கேளாமலே எடுத்துக் கொடுக்கிறார்கள். கள்வன் எடுத்தால் களவு, காவலன் எடுத்தால் கடமையா?"

நமது தோழர்கள் என்ன செய்தார்கள்? சிரித்தார்கள்! "பணக்காரர் பக்கம் பேசுகிறார் பாரப்பா!" என்று பரிகசித்தார்கள். அவர் எழுந்து போய்விட்டார். எனக்கு வருத்தம், தோழர்களே! வந்தவர் போனதற்காக மட்டுமல்ல. இவர்களிடம் பதில் இல்லை என்ற எண்ணத்தை அவருடைய உள்ளத்திலே ஊன்றி அனுப்பினோமே, அதற்காக! கேலியால் கேள்வி சாவதில்லை. கேலி செய்யப்பட்ட கேள்வி, கேட்டவனோடு வீட்டுக்குப் போகிறது, அங்கே வளர்கிறது.

நான் பொருளாதாரப் பட்டம் பெற்றவனல்லன். கல்லூரியை இடையிலேயே விட்டு வெளியேறியவன்; நாடகம் எழுதிக் காலந்தள்ளுபவன். ஆனால், அந்த இளைஞரின் கேள்விக்குப் பின்னால் அறிஞர்களின் அணிவகுப்பே நிற்கிறது என்பதை மட்டும் அறிவேன். லிபர்டேரியன் என்று அவர்களை ஆங்கிலத்திலே அழைக்கிறார்கள். தன்னுரிமைவாதிகள் என்று நாம் அழைப்போம்.

அவர்களிலே முதல்வரிசையில் வைத்து எண்ணப்படுபவர் ராபர்ட் நோசிக். அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்துப் பேராசிரியராக இருந்தவர். 1974இல் அவர் எழுதிய நூல் உலகமெங்கும் வாதத்தைக் கிளப்பிற்று. அடிதடி, களவு, மோசடி ஆகியவற்றிலிருந்து மக்களைக் காப்பதும், ஒப்பந்தங்களை நிறைவேற்றி வைப்பதுமே அரசின் வேலை. அதற்குமேல் ஓரடி வைத்தாலும் அது அத்துமீறல் என்றார். உழைப்பின் ஊதியத்திலே வரி வாங்குவது, கட்டாய வேலை வாங்குவதற்கு ஒப்பானது என்றார். ஓர் உவமையும் சொன்னார். கூடைப்பந்து வீரர் வில்ட் சேம்பர்லின் ஆடுகிறார். அவர் ஆட்டத்தைக் காண வருவோர் ஒவ்வொருவரும், அவருக்கென்று 25 சென்ட்டைத் தனிப் பெட்டியிலே மனமுவந்து போடுகிறார்கள். பத்து லட்சம் பேர் வந்தால், அவருக்கு 2,50,000 டாலர். யாரையும் அவர் ஏமாற்றவில்லை. யாரையும் அடித்துப் பறிக்கவில்லை. பிறகு அந்தப் பணத்தில் கைவைக்க அரசுக்கு ஏது உரிமை என்று கேட்டார்.

கூரிய கேள்விதான்! நம் இளைஞர் கேட்டதும் இதுவேதான்!

தோழர்களே! இக்கேள்வி நமக்குப் புதிதன்று. குடிகளிடம் கோலேந்தி நின்று பொருள் கேட்கும் வேந்தனை, வேலேந்தி வழிமறிக்கும் கொள்ளைக்காரனுக்கு ஒப்பிட்டவர் வள்ளுவர். ஆனால் எந்த அதிகாரத்திலே சொன்னார்? கொடுங்கோன்மை அதிகாரத்திலே! எல்லா அரசும் கொள்ளைக்கூட்டம் என்று அவர் சொல்லவில்லை. இறைமாட்சி அதிகாரத்திலே அரசுக்கு நான்கு தொழில் வகுத்தார். பொருள் வரும் வழியைக் காண்பது ஒன்று. வந்ததைச் சேர்ப்பது இரண்டு. சேர்த்ததைக் காப்பது மூன்று. காத்ததை வகுத்துச் செலவிடுவது நான்கு. தன்னுரிமைவாதி மூன்றாவது படியிலே நின்றுவிடுகிறார். காவலோடு கதவைச் சாத்துகிறார். வள்ளுவரோ நான்காவது படியையும் காட்டுகிறார்.

சரி, அவர்கள் வாதப்படியே வருவோம். அரசின் வேலை காவல் மட்டுமே என்று ஒரு நாழிகை ஒப்புக்கொள்வோம். காவலுக்குச் செலவில்லையா? அந்தச் செலவை யார் எவ்வளவு கொடுப்பது? இங்கேதான், தோழர்களே, தராசின் முள் ஆடத் தொடங்குகிறது.

"கடையிலே உப்பு வாங்கினால் ஏழைக்கு ஒரு விலை, பணக்காரருக்கு ஒரு விலையா? அரசின் ஊழியத்துக்கும் எல்லாரும் ஒரே விலை கொடுக்கட்டும். தலைக்கு இவ்வளவு, அதுவே சமநீதி!" என்று இவர்களிலே சிலர் சொன்னார்கள். எல்லாரும் அல்லர், சிலர். கேட்பதற்கு எவ்வளவு இனிமை! சமம் என்ற சொல்லை நாமும்தானே முழங்குகிறோம்!

இது ஏட்டோடு நின்ற வாதமன்று. நாடாளும் சட்டமாயிற்று, ஒரு முறையன்று, பன்முறை. அவற்றுள் இரண்டைச் சொல்லுகிறேன், கேளுங்கள்.

ஆண்டு 1381. இங்கிலாந்து. அரியணையிலே 14 வயது மன்னன் இரண்டாம் ரிச்சர்டு. பிரான்சோடு நெடும்போர், கருவூலம் காலி. ஏற்கெனவே 1377இல் தலைக்கு 4 பென்னி என்று தலைவரி போட்டார்கள். 1379இல் தகுதிக்கேற்ற வரி வைத்தார்கள். சாமானியனுக்கு 4 பென்னி, லங்காஸ்டர் கோமகனுக்கு 10 மார்க்கு. 10 மார்க்கு என்றால் 1,600 பென்னி. சாமானியன் கொடுத்ததைப்போல் 400 மடங்கு! ஆனால் எதிர்பார்த்த தொகை சேரவில்லை. 1380இல் கூடிய பாராளுமன்றம் மீண்டும் தலைக்கணக்குக்கே திரும்பிற்று. சராசரி தலைக்கு ஒரு ஷில்லிங், அதாவது 12 பென்னி. 15 வயதைக் கடந்த ஆணுக்கும் கணக்கு, பெண்ணுக்கும் கணக்கு.

வலியவர் எளியவருக்கு உதவவேண்டும் என்று ஒரு வாசகம் அந்தச் சட்டத்திலே இருந்தது. இருந்து என்ன பயன்? சீமான் குடியிருக்கும் ஊரிலே சீமான் உதவலாம். சீமானில்லாச் சிற்றூரிலே? எளியவனுக்கு எளியவனே துணை! கணவனும் மனைவியும் சில நாள் பாடுபட்ட கூலியை அப்படியே எடுத்துவைக்க வேண்டும்.

என்ன நடந்தது? முதலில் தலைகள் மறைந்தன! வெட்டி அல்ல, ஒளித்து! 1377இன் கணக்கிலே இருந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் 1381இன் கணக்கிலே காணோம். கொள்ளை நோயா கொண்டுபோயிற்று? இல்லை, வரிக்கு அஞ்சி மறைக்கப்பட்டவர்கள். மறைந்த தலைகளைத் தேட ஆட்களை அனுப்பினார்கள். மே மாத இறுதியில் எஸ்ஸெக்ஸ் பகுதியில் பொறி பறந்தது; கென்ட் பகுதியிலே தீயாயிற்று. வாட் டைலர் தலைமை தாங்கினார்; ஜான் பால் என்ற பாதிரியார் சமத்துவம் போதித்தார். ஜூன் 13ஆம் நாள் உழவர் படை லண்டனுக்குள் நுழைந்தது. மறுநாள், அமைச்சரும் ஆர்ச்பிஷப்புமான சைமன் சட்பரியின் தலையும், கருவூல அதிகாரி ராபர்ட் ஹேல்சின் தலையும் உருண்டன. அதற்கு மறுநாள், மன்னன் முன்னிலையிலேயே, பேச வந்த வாட் டைலர் வெட்டி வீழ்த்தப்பட்டார். கிளர்ச்சி நசுக்கப்பட்டது. ஆனால் தலைவரி நெடுங்காலம் தலையெடுக்கவில்லை.

அறுநூறு ஆண்டுகள் உருண்டோடின. அதே இங்கிலாந்து. பிரதமர் மார்கரெட் தாட்சர் அம்மையார். இரும்புப் பெண்மணி என்று பெயர் பெற்றவர். அந்நாட்டு நகராட்சிகளுக்கு அதுவரை வீட்டுவரி; வீட்டின் வாடகை மதிப்பையொட்டி வரி. மாளிகைக்கு மிகுதி, சிறுவீட்டுக்குக் குறைவு. இதிலே குறை இல்லாமலில்லை. தனியே வாழும் கைம்பெண்ணும், நான்கு பேர் சம்பாதிக்கும் பக்கத்து வீடும், வீடு ஒரே அளவென்றால் ஒரே வரி! மேலும், வரி கட்டாதவரும் வாக்களிக்கிறார். செலவைக் கூட்டுகிற மன்றத்தைத் தேர்ந்தெடுக்கிறார். சுமையோ கட்டுகிறவர் தலையிலே! ஆகவே வாக்குள்ள ஒவ்வொருவரும் விலையை உணரவேண்டும் என்பது வாதம். ஆடம் ஸ்மித் பெயரால் அமைந்த ஒரு கழகம், 1985இலேயே வெளியீடு போட்டுத் தலைக்கு இவ்வளவு என்ற திட்டத்தை வற்புறுத்திற்று. "ஆகாது, இது நடவாது" என்று அமைச்சரவையிலேயே எதிர்த்தார் நிதியமைச்சர் நைஜல் லாசன். அம்மையார் கேட்கவில்லை. 1989 ஏப்ரலில் ஸ்காட்லாந்திலே தொடங்கினார்கள்; 1990 ஏப்ரலில் இங்கிலாந்துக்கும் வேல்சுக்கும் கொண்டுவந்தார்கள்.

நாடகக்காரன் அல்லவா நான்! இவ்விடத்திலே ஒரு சிறு காட்சி.

கோமகனின் கோட்டைவாயில். நகராட்சி அலுவலர் நிற்கிறார்.

"ஐயா, தங்கள் வரி."

"எவ்வளவு?"

"இவ்வாண்டு தலைக்கு ஏறத்தாழ 360 பவுன், ஐயா."

"சென்ற ஆண்டு இதைப்போல் பலமடங்கு கொடுத்தேனே?"

"அது அறைகளை எண்ணிய காலம். இது தலைகளை எண்ணும் காலம். தங்களுக்கு அறை நூறு இருந்தாலும் தலை ஒன்றுதானே, ஐயா!"

காட்சி மாறுகிறது. குப்பை அள்ளுபவரின் குடியிருப்பு. அவர், அவர் மனைவி, வேலைக்குப் போகத் தொடங்கிய மகன்.

"அப்பா, உங்கள் வரி."

"எவ்வளவு?"

"கோமகன் கொடுத்தாரே, அதேதான்."

"அவரும் நானும் சமமா?"

"வரியிலே சமம்!"

"அப்படியானால் நான் பெரிய கோமகன். இந்த வீட்டிலே தலை மூன்று!"

சிரிக்கிறீர்கள்! அன்று பிரிட்டனிலே சிரிக்கவில்லை, சினந்தார்கள். வருவாய் மிகக் குறைந்தோர்க்கும் மாணவர்க்கும் சலுகை இருந்தது. ஆயினும் ஐந்திலொரு பங்கு அவர்களும் கட்டியே தீரவேண்டும். 1990 மார்ச் 31ஆம் நாள் லண்டனிலே மாபெரும் ஊர்வலம். ஏறத்தாழ இரண்டு லட்சம் பேர். டிராஃபால்கர் சதுக்கத்திலே கலவரம். முந்நூறுக்கு மேற்பட்டோர் கைது. "முடியாது, கட்டமாட்டோம்" என்பது போராடியவர்களின் முழக்கம். அந்த முழக்கம் எங்கிருந்து வந்தது, தெரியுமா? இத்தாலிய நாடகாசிரியர் தாரியோ ஃபோ 1974இல் எழுதிய நாடகத்துக்கு ஆங்கிலத்திலே வைத்த தலைப்பு அது! விலையேற்றத்தைக் கண்டு கொதித்த இல்லத்தரசிகளின் கதை. மேடையிலே பிறந்த சொல் வீதிக்கு வந்தது. டெரி ஃபீல்ட்ஸ் என்ற பாராளுமன்ற உறுப்பினர் வரிகட்ட மறுத்து, 1991இல் 60 நாள் சிறைத்தண்டனை பெற்றார்.

1990 நவம்பரில், பதினோராண்டு ஆண்ட அம்மையார் பதவி விலகினார். ஐரோப்பாவைப் பற்றிய உட்கட்சிப் பிணக்கும் அதற்கொரு காரணம், மறைக்கவில்லை. ஆயினும், தலைவரி போட்டவரின் தலைமை போனதை நாடே கண்டது.

இதிலே நான் உங்கள் உள்ளத்தில் பதிக்க விரும்புவது கலவரத்தையன்று, தோழர்களே! மூன்று செய்திகளை.

முதல் செய்தி: 1381இலே வரிக்கு அஞ்சித் தலைகள் ஒளிந்தன. 1990இலே? பெயர்கள் ஒளிந்தன! தலைவரிப் பட்டியலில் சிக்கிவிடுவோமோ என்று அஞ்சி, வாக்காளர் பட்டியலிலேயே பெயர் எழுதாமல் விட்டனர் ஏழைகள் பலர். வரியிலிருந்து தப்ப வாக்கை இழந்தார்கள்! வாக்குள்ளவன் விலையை உணரட்டும் என்று தொடங்கிய திட்டம், விலை கொடுக்க இயலாதவனிடமிருந்து வாக்கையே வாங்கிக்கொண்டது!

இரண்டாம் செய்தி: அடுத்து வந்த ஜான் மேஜர் அரசு, 1991இல் தலைவரியில் ஆளுக்கு 140 பவுன் குறைத்தது. குறைத்த பணத்துக்கு எங்கே போயிற்று? பொருள்களின்மீது விதிக்கும் மதிப்புக் கூட்டு வரியை 15 விழுக்காட்டிலிருந்து 17.5 விழுக்காடாக்கிற்று. வெளிப்படையான வரி வேண்டும் என்றவர்கள், விலைக்குள்ளே மறைந்திருக்கும் வரியிலே தஞ்சம் புகுந்தார்கள். 1993இலே தலைவரியே ஒழிந்தது. வீட்டின் மதிப்பை எட்டுப் படிகளாக வகுத்துப் புதிய வரி வந்தது. மேற்படி, கீழ்ப்படியைப்போல் மூன்று மடங்கு. தனியே வாழ்பவருக்குக் காற்பங்குத் தள்ளுபடி. கைம்பெண்ணின் குறையைத் தீர்க்கக் கோமகனைக் காப்பாற்ற வேண்டியதில்லை என்பது விளங்கிற்று!

மூன்றாம் செய்தி: யார் பெயரால் கழகம் வைத்துத் தலைவரியை வற்புறுத்தினார்களோ, அந்த ஆடம் ஸ்மித் 1776இலேயே என்ன சொல்லியிருக்கிறார்? வரிக்கு நான்கு இலக்கணம் வகுத்தார். தத்தம் ஆற்றலுக்கேற்பக் குடிகள் கொடுக்கவேண்டும் என்பது முதலாவது. எவ்வளவு, எப்போது என்பது திட்டமாகத் தெரியவேண்டும் என்பது இரண்டாவது. கொடுப்பவருக்கு வசதியான காலத்திலே, வசதியான முறையிலே வாங்கவேண்டும் என்பது மூன்றாவது. தண்டும் செலவு குறைவாக இருக்கவேண்டும் என்பது நான்காவது. வீட்டு வாடகை வரியைப் பற்றிப் பேசுமிடத்து, செல்வர்கள் தம் வருவாயின் விகிதத்துக்குச் சற்று மேலாகவே கொடுத்தாலும் தவறில்லை என்றும் எழுதினார். கோயிலிலே சாமியை வைத்துவிட்டு, சாமி சொன்னதற்கு எதிராகப் பூசை நடத்திய கதைதான் இது!

இனி, இளைஞரின் கேள்விக்கு வருகிறேன்.

தம்பி! உன் உழைப்பு உனக்குரியது. ஐயமில்லை. காவல் மட்டுமே அரசின் வேலை என்றே வைத்துக்கொள். இரவிலே காவற்காரன் தெருவைச் சுற்றுகிறான். மாளிகைக்கும் காவல், குடிசைக்கும் காவல். திருடன் குடிசையிலே எதை எடுப்பான்? மண்பானையையா? ஏரிக்கரை உடையப் போகிறது என்று பறையறைந்தால் ஊரே ஓடுகிறது. ஏரிக்குக் கீழே நூறு ஏக்கர் வைத்திருப்பவனும் ஒரு கூடை மண், காணி நிலமில்லாதவனும் ஒரு கூடை மண் என்று எந்த ஊரிலாவது நீதி சொல்வார்களா? காக்கப்படும் பொருள் மிகுந்தவன் மிகுதியாகக் கொடுப்பது தருமமல்ல, தம்பி, கணக்கு! உன் தன்னுரிமைவாதிகள் மதிக்கும் அதே கணக்கு!

காவலைக் கடந்து, கல்விக்கும் மருத்துவத்துக்கும் ஏன் என்று கேட்பாய். அதற்கும் உங்கள் பக்கத்துப் பெரியவர்களையே சாட்சிக்கு அழைக்கிறேன். படிப்படியாக உயரும் வரியை எதிர்த்தவர் ஹாயெக். அவரே, தன்னைத் தாங்கிக்கொள்ள இயலாதவருக்கு ஒரு குறைந்தபட்ச வாழ்வை அரசு தரலாம் என்று ஒப்பினார். ஒரே விகித வரியை விரும்பியவர் சிகாகோவின் மில்ட்டன் ஃபிரீட்மன். 1962இலே அவரே, ஒரு வரம்புக்குக் கீழே வருவாய் உள்ளவருக்கு வரி வாங்குவதற்குப் பதில் அரசே பணம் தரட்டும் என்று திட்டம் தந்தார். நோசிக் போன்றோர் மட்டுமே கதவை முற்றச் சாத்தினர். ஆகவே, கொடுக்கலாமா கூடாதா என்பதன்று அந்தப் பாசறையிலேயே பலருக்கும் கேள்வி. எவ்வளவு, எவருக்கு, எவர் முடிவு செய்வது என்பதே கேள்வி.

வில்ட் சேம்பர்லினின் பெட்டியிலே காசு போட்ட பத்து லட்சம் பேரும் மனமுவந்து போட்டார்கள். உண்மை. ஆனால், ஆட்டத்தைக் காணக் காசு வைத்திருந்தவர்கள் மட்டுமே அந்தக் கதையிலே வருகிறார்கள். அரங்கின் வெளியே நிற்பவனின் பிள்ளைக்கு, பந்தைத் தொடும் வாய்ப்பாவது கிடைக்கவேண்டாமா? அந்த வாய்ப்பை விலைபோட்டு விற்கும் கடை எங்கே இருக்கிறது?

தோழர்களே! இவ்வளவு சொன்னபிறகு, எதிரியின் வாதத்திலே உள்ள உண்மையையும் எடுத்துக்கொள்வதுதான் நேர்மை. வரி வாங்கும் கை, பிறர் உழைப்பிலே விழுகிற கை. அதைச் சொல்லச் சொல்லி நம்மை உறுத்துகிறவன் நமக்குப் பகைவனல்லன். மேடையிலே ஏறி, "இதை இலவசமாகத் தருவோம், அதை இனாமாகத் தருவோம்" என்கிறோமே, அப்போது அரசாங்கப் பணம் என்று ஒன்று வானத்திலிருந்து பொழிவதுபோல் பேசுகிறோமா, இல்லையா? அரசாங்கப் பணம் என்று எதுவுமில்லை. சம்பளத்திலே பிடித்தது அந்த இளைஞரின் பணம். கடையிலே சோப்புக்கட்டி வாங்கும்போது விலையோடு கலந்து கொடுத்தது கூலிக்காரத் தாயின் பணம். 2017 ஜூலையிலே சரக்கு சேவை வரி வந்தபின், அந்தத் தாய் எங்கே எவ்வளவு கொடுக்கிறாள் என்பதை நம்மிலே எத்தனை பேர் கணக்கிட்டுச் சொல்ல முடியும்? வருமானவரி கட்டாதவன் வரியே கட்டாதவன் என்று எவரேனும் ஏளனம் பேசினால், பதில் சொல்ல அந்தக் கணக்கு வேண்டாமா? பொருளின்மீது விழும் வரி, தலைவரியின் தங்கை! ஏழையும் செல்வனும் ஒரே சோப்புக்கு ஒரே வரிதானே கொடுக்கிறார்கள்!

நமது நகராட்சியிலே, ஊராட்சியிலே, நம்மவர் பதவியிலே அமரும்போது, போடாத சாலைக்குப் பட்டியல் எழுதினால், நோசிக்கின் நூலுக்கு நாமே விளம்பரம் செய்தவர்களாவோம். வரியை எடுப்பவன் கள்வனா, காவலனா என்பதை எடுக்கும்போது யாரும் அறியமுடியாது, செலவிடும்போதுதான் அறியமுடியும். கோலுக்கும் வேலுக்கும் உள்ள வேறுபாடு கணக்கேட்டிலே இருக்கிறது.

ஆகவே, அந்த இளைஞர் மீண்டும் வருவாரானால், சிரிக்காதீர்கள். நாற்காலி போடுங்கள். 1381இலிருந்து தொடங்குங்கள். "உன் பணத்தை எடுக்கிறோம், அதை மறுக்கவில்லை. உன் ஆற்றலுக்கேற்ப எடுக்கிறோம். உன்னைக் காத்த சாலைக்கும், இன்னும் படிக்காத பிள்ளைக்கும் செலவிடுகிறோம். இதோ கணக்கு!" என்று சொல்லுங்கள்.

சொல்லும்போது, கையிலே கணக்கு இருக்கவேண்டும், தோழர்களே! இருக்குமாறு நடந்துகொள்வோம்.